ஜேர்மன் சிற்றரசுகளின் செப்புக்காசு 43: எது எந்த நாடு, பச்சை பிடித்ததை என்ன செய்வது?

இரணைமடு_வாய்க்கால் (கிளிநொச்சி)

வணக்கம் உறவுகளே. ஜேர்மனியில் இருக்கிற மாமா 43 செப்புக்காசு கொண்டுவந்து தந்தவர். எல்லாம் 1760க்கும் 1870க்கும் இடைப்பட்டவை. பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் முடி வைத்த கேடயம், மறுபக்கம் இலக்கமும் ஆண்டும். தரம் பிரித்து வைக்கத் தொடங்கினேன், ஐந்து இடத்தில் நின்றுவிட்டேன் (பெனிக், குரொய்ட்சர், ஸ்டியூபர் எல்லாம் காசில் எழுதியிருக்கிற காசுப் பெயர்கள், தாலர் என்பது பெரிய வெள்ளிக்காசு):

1) 1 பெனிக், சுற்றிவர "360 ஐனன் தாலர்" என்று எழுத்து, கீழே ஆங்கில ஏ போன்ற எழுத்து. இப்படி ஒன்பது இருக்கு, ஆனால் கேடயங்கள் ஒன்றுபோல இல்லை.
2) 1 பெனிக், 1850களின் ஆண்டு, கீழே எஃப். இதில் தாலர் என்ற சொல்லே இல்லை.
3) கால் குரொய்ட்சர். சின்னது, மெல்லியது.
4) கால் ஸ்டியூபர், முடிக்குக் கீழே சி, டி இரண்டும் பின்னிய எழுத்து.
5) செம்பு நிறம்தான், ஆனால் தேய்ந்த மேடுகளைச் சுற்றிப் பள்ளத்தில் வெள்ளை தெரியுது. இது செம்பா வெள்ளியா?

ஆறேழு காசில் பச்சை. சிலதில் அது கெட்டியாக ஒட்டியிருக்கு, இரண்டில் மட்டும் மாவு மாதிரி உதிருது. புளி போட்டுத் தேய்க்கலாமா? மாரி தொடங்கப் போகுது, எதில் வைத்தால் நல்லது?

---

சேது_நாணயம் (மன்னார்)

தம்பி, முதல் சொல்லு: புளியைத் தொடாதையுங்கோ. அதன் காரணத்தை வேதியியல் தெரிஞ்ச ஆள் வந்து சொல்லுவா. நான் அடையாளம் பிடிக்கிறதைச் சொல்லுறன்.

பெனிக் என்ற பெயரை வைத்து ஒரு முடிவுக்கும் வரேலாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெனிக் என்று பெயர் வைத்த காசுகள் நாலு வேறு பெறுமதியில் ஓடினவை. பிரஷ்யாவில் 1 தாலர் 30 சில்பர்குரோஷன் (வெள்ளி கலந்த சின்னக் காசு), ஒரு சில்பர்குரோஷன் 12 பெனிக், ஆகவே தாலருக்கு 360. சக்சனியில் 1841 முதல் குரோஷனுக்கு 10 பெனிக், ஆகவே 300. ஹனோவரில் 1857 வரைக்கும் 24 குரோஷன், குரோஷனுக்கு 12, ஆகவே 288. தெற்கில் கணக்கே வேறை: 1 குல்டன் 60 குரொய்ட்சர், 1 குரொய்ட்சர் 4 பெனிக். 1838இல் ஜேர்மன் அரசுகள் காசுக் கணக்குக்குச் செய்த டிரெஸ்டன் உடன்படிக்கைப்படி ஒரு தாலருக்கு ஒன்றே முக்கால் குல்டன், அதாவது 105 குரொய்ட்சர். அப்ப அந்தப் பெனிக் தாலருக்கு 420. பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒரே பெயரில் இப்படி ஓடினதால்தான் "360 ஐனன் தாலர்" என்று காசிலேயே அடித்தவை: "தாலருக்கு 360" என்று அர்த்தம். 2 பெனிக்கில் 180, 3 பெனிக்கில் 120, 4 பெனிக்கில் 90 இருக்கும். காசைக் கையில் எடுத்தவுடன் முதலில் தேட வேண்டியது இந்த இலக்கத்தைத்தான். அரசரின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

இனி உங்கட முதலாவது. கீழே உள்ள ஏ பெர்லின் அக்கசாலையின் (காசு அடிக்கும் ஆலையின்) எழுத்து. சொந்த அக்கசாலை இல்லாத சின்ன நாடுகள் பெர்லினிலேயே கூலிக்கு அடிப்பிச்சவை. ஆகவே ஏ இருந்தால் பிரஷ்யா என்று ஒதுக்கிவிட வேண்டாம். கேடயத்தைப் பாருங்கோ:

கழுகு என்றால் பிரஷ்யா. ஐந்து இதழ் ரோசாப்பூ லிப்பெ. எட்டு முனை நட்சத்திரம் வால்டெக். மதில்மேல் நடக்கிற கரடி அன்ஹால்ட். கிடைக்கோடுகளுக்கு மேலே சாய்வாக ஓடுகிற இலைமுடி என்றால் சக்சன் குடும்பத்து நாடுகள் (அது பல). வரிபோட்ட சிங்கம் ஹெஸன். சிங்கத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் செங்கல்போலக் கட்டிகள் இருந்தால் நாசாவ். கறுப்பு வெள்ளை நாலாகப் பிரிந்த கேடயம் ஹோஹென்சொல்லர்ன். சாய்சதுரக் கட்டம் பவேரியா.

"கறுப்பு வெள்ளை செம்பில் எப்படித் தெரியும்?" என்று கேட்பீங்கள். கேடயத்தில் கோடுகள் சும்மா கீறினவை இல்லை, அவைதான் நிறம். நெட்டுக்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், சாய்கோடு பச்சை, புள்ளி பொன், வெறுமை வெள்ளி, குறுக்கும் நெடுக்குமான கட்டம் கறுப்பு. பத்து மடங்கு உருப்பெருக்கியில் தேய்ந்த காசிலும் இது பிடிபடும். இருட்டறையில் காசை மேசையில் வைத்து, ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குக் கிட்டப் பிடியுங்கோ. நிழல் விழுந்து எழுத்தெல்லாம் எழும்பி நிற்கும். நேரே மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் உள்ளதும் மறையும். ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளிச்சத்தைக் கால் சுற்று திருப்பி நாலு படம் எடுத்தால் போதும்.

இரண்டாவது, எஃப்: அது டிரெஸ்டன் அக்கசாலையின் தலைவர் ஃபிஷரின் எழுத்து, 1845 முதல் 1860 வரை. அவருக்கு முந்தினது ஜீ, பிந்தினது பி. தாலர் சொல் இல்லாமல் எஃப் இருந்தால், சக்சனியின் 300 கணக்கைப் பின்பற்றின சக்சன்-அல்டன்பூர்க் அல்லது சக்சன்-கோபுர்க்-கோத்தா என்று முதலில் பாருங்கோ. கேடயம் இரண்டிலும் ஒரே சாதி, சுற்றெழுத்தை வைத்துத்தான் பிரிக்க வேணும். இதே எஃப் 1873க்குப் பிந்தின ஜேர்மன் பேரரசுக் காசில் வந்தால் ஸ்ருட்கார்ட் என்று பொருள் மாறிவிடும், அதில் கனபேர் விழுந்திருக்கினம்.

மூன்றாவதற்கு ஒரு பொது விதி: குரொய்ட்சர் என்ற சொல் வந்தால் தெற்கு, இல்லாவிட்டால் தெற்குக் கணக்கை எடுத்த துரிங்கியா (நடு ஜேர்மனியின் சின்ன அரசுகள் இருந்த பகுதி). சக்சன்-மைனிங்கனும் சுவார்ட்ஸ்பூர்க்-ருடோல்ஸ்ராட்டும் கால் குரொய்ட்சர் அடித்தவை. ருடோல்ஸ்ராட்டின் நிலம் இரண்டு துண்டு. மேல்துண்டில் குரொய்ட்சர், கீழ்த்துண்டில் பெனிக், ஒரே மன்னர்.

நாலாவதுதான் உங்கட காசுகளில் எனக்குப் பிடிச்சது. பின்னிய சி, டி என்றால் கார்ல் தியோடோர், யூலிக்-பெர்க் கோமகன், 1742 முதல் 1799 வரை ஆண்டவர், ட்யூசல்டோர்ஃப் பக்கம். ஒல்லாந்துக்கு அயலான நிலம், அதனால் கணக்கும் ஒல்லாந்தர் பக்கத்தது. ஸ்டியூபர் என்பது எங்கட ஊரில் ஒல்லாந்தர் ஓட விட்ட ஸ்டைவர்தான், சொல்லும் ஒன்று. எங்கட பாட்டன்மார் சொல்லுற "துட்டு" ஒல்லாந்தரின் டோய்ட்டில் இருந்து வந்தது. மாதோட்டப் பக்கம் வழமையாகக் கைக்கு வருகிற கூட்டெழுத்துப் போட்ட ஒல்லாந்தக் கும்பனி டோய்ட்டையும் இந்தக் கால் ஸ்டியூபரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ, சொந்தக்காரர் என்று விளங்கும்.

ஐந்தாவது செம்பும் இல்லை, நல்ல வெள்ளியும் இல்லை. சில்பர்குரோஷனில் 1000க்கு 222 பங்குதான் வெள்ளி, மிச்சம் செம்பு. அடிக்கும்போது வெளுப்பாக்கிய மேற்தோல் மேட்டில் தேய்ந்து, பள்ளத்தில் மட்டும் மிஞ்சி நிற்குது. சில்பர்குரோஷன் 2.19 கிராம். நகைக்கடைத் தராசில் 0.01 கிராம் வரைக்கும் நிறுத்துப் பாருங்கோ. பிரஷ்யக் கணக்குச் செப்புக்காசு சீரானது: 1 பெனிக் சுமார் 1.5 கிராம், 2க்கு 3, 3க்கு 4.5, 4க்கு 6. தேய்மானத்தில் பத்தில் ஒன்று குறையலாம். குறைவு அதைவிடக் கூடினால் சந்தேகப்படுங்கோ.

---

மல்லாவி_மைந்தன்

புளி வேண்டாம் என்றால் தேசிக்காயும் உப்பும்? கோயில் செம்புக் குடம் அதிலதானே மின்னுது.

---

வெள்ளிநைத்திரேற்று (வவுனியா)

மைந்தன் தம்பி, குடத்துக்கு நல்லது, காசுக்கு அதைவிடக் கெட்டது ஒன்றும் இல்லை. குடத்தில் தேய்ந்தால் தேய்ந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப மினுக்கலாம். காசில் எழுத்தின் உயரம் ஒரு தலைமயிரின் தடிப்புக் கணக்குத்தான்.

புளியில் உள்ள தார்த்தாரிக் அமிலம் பச்சையை மட்டும் கரைக்காது. 150 வருசமாகச் செம்பின்மேல் உறைந்த கபிலத் தோலையும் சேர்த்து உரிக்கும். உள்ளே வருவது உரிச்ச கோழித் தோல் மாதிரி ஒரு இளஞ்சிவப்பு. அந்த நிறம் எந்தப் பழைய காசிலும் இயல்பாக இல்லை, வாங்குகிறவன் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பான். மூடின தோல் போனதால் அடுத்த மாரியில் விரலடையாளம் விரலடையாளமாகக் கறுக்கும். தேசிக்காயோடு உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். உப்பில் உள்ள குளோரைட்டு செம்பின் நுண்துளைக்குள் போய் இருந்துவிடும், பிறகு ஈரம் படுகிறபோதெல்லாம் உள்ளிருந்து அரிக்கும்.

வாய்க்கால் தம்பி, நீங்கள் உதிருது என்று சொன்ன அந்த இரண்டு காசையும் இப்பவே மற்றதில் இருந்து பிரியுங்கோ. பச்சை இரண்டு வகை. கரும்பச்சை, வழுவழுப்பு, நகத்தால் சுரண்டினாலும் போகாதது: அது காபனேற்று, அது காவல். அப்படியே விடுங்கோ, நல்ல பச்சை விலையையும் கூட்டும். வெளிர்பச்சை, சுண்ணாம்புத் தூள் மாதிரி, எடுத்தால் கீழே குழி: அது குளோரைட்டு நோய். செப்புக் குளோரைட்டு ஈரத்தோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து அமிலம் உண்டாக்கும், அந்த அமிலம் இன்னும் செம்பைத் தின்று திரும்பக் குளோரைட்டாகும். ஈரம் உள்ளவரை நிற்காது.

உறுதிப்படுத்த: மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் போத்தலுக்குள் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் வைத்து, காசு பஞ்சில் முட்டாமல் ஒரு மூடியின்மேல் வையுங்கோ. தூளை முதலே தட்டிவிட்டுப் படமும் எடுத்துவிடுங்கோ. 48 மணி நேரத்தில் அதே குழியில் புதுத்தூள் வந்தால் நோய் உயிரோடு இருக்கு.

வைத்தியம் பொறுமைதான். அதே ஒழுங்கில் செய்யுங்கோ.

முதலில் கொழுப்பை எடுக்க அசற்றோன். நகப்பூச்சு அகற்றி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். முல்லைத்தீவில் கண்ணாடிநார்ப் படகு திருத்துகிற இடங்களில் பிசின் கழுவ வைத்திருக்கிற தனி அசற்றோன் சரி. கண்ணாடிப் போத்தலில் காசு மூழ்க விட்டு அரை மணி நேரம். பிளாஸ்ரிக் ஏனம் கரைந்து காசில் ஒட்டும். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், வெளித்திண்ணையில் செய்யுங்கோ, அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

பிறகு காய்ச்சி வடித்த தண்ணி. எங்கட கிணற்றுத் தண்ணி வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பும், கரையோரம் என்றால் உப்பும், அதிலேயே இருக்கு. நாங்கள் வெளியே எடுக்கப் பார்க்கிறதைத்தான் அது உள்ளே விடும். எரிபொருள் நிலையத்தில் பற்றறிக்கு விடுகிற வடித்த தண்ணி போதும், ஆனால் போத்தலை வாசித்து வாங்குங்கோ. பக்கத்திலேயே பற்றறி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் நிற்கும். ஒரு காசுக்கு 100 மில்லி லீற்றர். முதல் வாரம் நாளுக்கொரு தடவை தண்ணி மாற்றுங்கோ, அதன்பிறகு வாரத்துக்கு ஒன்று. எப்ப நிறுத்துவது? ஊறின தண்ணியில் கொஞ்சம் எடுத்து இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விடுங்கோ. பால்போலக் கலங்கினால் குளோரைட்டு இன்னும் வருது. க.பொ.த. உயர்தர ஆய்வுகூடம் உள்ள பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் கேட்டால் செய்து தருவார். அடுத்தடுத்து இரண்டு வாரம் கலங்காமல் இருந்தால் முடிஞ்சுது. ஒரு மாதத்துக்குக் குறையாது, மூன்று மாதமும் ஆகலாம்.

ஊறி முடிந்தால் அசற்றோனில் ஒரு தரம் முக்கி எடுங்கோ, நுண்துளைத் தண்ணியை அது இழுத்துக்கொண்டு வரும். மேசைவிளக்கின் கீழே ஒரு மணி நேரம் காயட்டும்.

மற்றக் காசுகளில் மண் மட்டும் இறுகியிருந்தால் மருந்துக்கடையில் வாங்கும் திரவப் பரபினில் இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு, ஈர்க்கு நுனியைச் சாய்வாகச் சீவி, உருப்பெருக்கியின் கீழே எழுத்தின் ஓரத்தால் தள்ளுங்கோ. ஈர்க்குச் செம்பைவிட மென்மை, மண்ணைவிடக் கடினம், அதுதான் அதன் அருமை. ஊசி கீறும். நுனி மழுங்க மழுங்கப் புதிதாகச் சீவுங்கோ, நுனியில் ஒட்டின மணலே காசைக் கீறும். தேங்காய் எண்ணெயைப் பரபினுக்குப் பதிலாக எடுக்காதையுங்கோ. அது ஊசிப்போனால் கொழுப்பமிலம் வந்து செம்போடு சேர்ந்து பச்சைச் சவர்க்காரமாகப் பிசுபிசுக்கும்.

---

இரணைமடு_வாய்க்கால்

அக்கா, மிச்சம் நன்றி. பிரித்துவிட்டேன். போத்தல் சோதனையில் ஒன்றில் தூள் வந்தது, மற்றதில் வரவில்லை. நகைக்கடையில் நிறுத்ததில் ஐந்தாவது 2.08 கிராம், அப்ப சில்பர்குரோஷன்தான். 360 போட்ட ஒன்பதில் நாலு கழுகு, இரண்டு ரோசாப்பூ, ஒன்று நட்சத்திரம். மிச்சம் இரண்டில் வரிபோட்ட சிங்கம், ஆனால் பெனிக் என்று இல்லை, வடிவாகப் பார்த்தால் "1 ஹெல்லர்". ஹெல்லர் பெனிக்கில் பாதி என்று வாசித்தேன், இது எப்படி 360?

இதை ஒரு ஒழுங்கான தொகுப்பாக வளர்க்க விருப்பம். எதை வாங்குவது, எதை விடுவது? மழைக்காலப் பெட்டிக்கும் வழி சொல்லுங்கோ.

---

சேது_நாணயம் (மன்னார்)

நல்ல கண். வரிச்சிங்கம், 1 ஹெல்லர், 360: ஹெஸன்-காஸல். அவை பெனிக் என்று சொல்லாமல் சில்பர்குரோஷனின் 12இல் ஒன்றுக்கே ஹெல்லர் என்று பெயர் வைத்தவை. தெற்கில் பாருங்கோ, ஹெஸன்-டார்ம்ஸ்ராட்டிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ஹெல்லர் கால் குரொய்ட்சர். இலக்கத்தை முதலில் பார் என்று சொன்னது இதுக்குத்தான்.

தொகுப்புக்கு எல்லை வேணும். 1871இல் ஜேர்மன் பேரரசுக்குள் வந்தவை 25 அரசுகள், எல்லாத்தையும் துரத்தினால் ஒன்றும் நிறையாது. என் எண்ணம், துரிங்கியாவின் எட்டு: சக்சன்-வைமார்-ஐசனாக், சக்சன்-மைனிங்கன், சக்சன்-அல்டன்பூர்க், சக்சன்-கோபுர்க்-கோத்தா, சுவார்ட்ஸ்பூர்க்-ருடோல்ஸ்ராட், சுவார்ட்ஸ்பூர்க்-சொண்டர்ஸ்ஹௌசன், ரொய்ஸ் மூத்த கிளை, ரொய்ஸ் இளைய கிளை. எட்டும் 1840க்குப் பிறகு செப்புக்காசு அடித்தவை. நாட்டுக்கு ஒன்று என்றால் எட்டுக் காசில் தொகுப்பு முழுமை பெறும், அதுக்குள்ளேயே 300, 360, 420 மூன்று கணக்கும் வந்துவிடும். தேய்ந்த சாதாரண ஆண்டுகள் சில யூரோவுக்குக் கிடைக்கும். ஆண்டு வரிசை சேர்ப்பது அதன்பிறகு.

கோபுர்க்-கோத்தாக் காசைத் தேடும்போது 1844க்குப் பிந்தின எர்ன்ஸ்ட் இரண்டாமவரைத் தேடுங்கோ. விக்ரோறியா மகாராணியின் கணவர் அல்பேர்ட்டின் தமையன். விக்ரோறியா தலை போட்ட எங்கட 1870 செப்புச் சதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் மைத்துனர் மைத்துனி ஒரே தட்டில் இருப்பினம்.

ரொய்ஸ் வாங்கும்போது மன்னரின் இலக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தக் குடும்பத்தில் ஆண் பிள்ளை எல்லாருக்கும் ஹைன்ரிக் என்றுதான் பெயர், அரசாளாதவருக்கும் இலக்கம் உண்டு. மூத்த கிளை நூறு வரை எண்ணித் திரும்ப ஒன்றில் தொடங்கும், இளைய கிளை நூற்றாண்டு மாறினால் ஒன்றில் தொடங்கும். அதனால் 67ஆம் ஹைன்ரிக்குக்குப் பிறகு 14ஆம் ஹைன்ரிக் வருவார், பிழையான வாசிப்பில்லை.

கவனிக்க வேண்டிய பொறி மூன்று. ஒன்று, "பழைய சிற்றரசுக் காசு" என்று விற்கிற பேரரசுப் பெனிக். 1873 யூலை 9 சட்டத்துக்குப் பிறகு சின்னக் காசு முழு நாட்டுக்கும் ஒன்று, சிற்றரசுகளுக்கு வெள்ளி 2 மார்க்கிலிருந்துதான் தங்கட தலை போட இடமிருந்தது. பேரரசு 1 பெனிக் 17.5 மில்லிமீற்றர், 2.00 கிராம். 2 பெனிக் 20 மில்லிமீற்றர், 3.33 கிராம். லேத்துப் பட்டறை வேர்ணியரால் அளந்தால் தெரிஞ்சுவிடும். இரண்டு, "ஹெல்லர்" மாதிரி இருந்து முன்னால் ஒரு டி கூடி "தெலர்" என்று வாசிக்கிற செம்பு. அது எந்த அரசும் அடித்த காசில்லை, 1820களை ஒட்டி மைன் ஆற்றுப் பக்கம் சந்தையில் தள்ளிவிட்ட தனியார் வில்லை. சேர்க்கலாம், ஆனால் வேறை தட்டில். மூன்று, ஓடுகிற குதிரையும் "ஜீ ஆர்" கூட்டெழுத்தும் உள்ளது. பிரித்தானியக் காசு என்று எழுதி விற்பினம். அது ஹனோவர். யானை போட்ட 1815 இலங்கை ஸ்டைவரில் இருக்கிற அதே மூன்றாம் ஜோர்ஜ் அங்கேயும் மன்னர்.

வயலில், குளக்கட்டில் கிடைக்கிற காசை இதோட கலக்காதையுங்கோ. நிலத்தில் இருந்து வருகிற தொல்பொருள் 1940இன் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அரசுக்குரியது. உலோகம் தேடும் கருவியோடு வன்னிக் காட்டுக்குள் இறங்குவதும் வேண்டாம், நிலத்தில் கண்ணிவெடி புதைந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும்.

---

வெள்ளிநைத்திரேற்று (வவுனியா)

பெட்டி: மெதுவான, புது மழைக்கோட்டு மணம் வருகிற காசு உறைகளை எறியுங்கோ. அது பீ.வீ.சீ. அதை மெதுவாக்கப் போட்ட எண்ணெயும் வெளிவிடுகிற அமிலமும் எங்கட வெக்கையில் ஒரே சித்திரையில் காசில் பச்சைப் பசையாக இறங்கும். கடதாசி மட்டையில் தெளிந்த மைலார் (பொலியெஸ்ரர்த் தாள்) சாளரம் வைத்த உறைகள் வாங்கலாம். 17.5, 20, 22.5, 25 மில்லிமீற்றர் நாலு அளவும் எடுத்தால் உங்கட 43உம் அடங்கும். ஸ்ரேப்ளர் பின் அடித்த பிறகு கம்பியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குங்கோ, இல்லாவிட்டால் அடுத்த உறையின் சாளரத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் காசைக் கீறும்.

உறைகளை றப்பர் வளையம் பூட்டிய, இறுக்கமாக மூடுகிற சாப்பாட்டுப் பெட்டிக்குள் நிமிர்த்தி அடுக்குங்கோ. ஒரு லீற்றர் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல், செம்மஞ்சள் நிறத்தது. பச்சையாக மாறினால் நிரம்பிவிட்டது, தட்டில் பரப்பி 120 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்பச் செம்மஞ்சளாகும். ஐப்பசியில் இருந்து தை வரை இரண்டு கிழமைக்கொரு தடவை பாருங்கோ, சோளகக் காலத்தில் மாதம் ஒன்று போதும். அரிசி போடாதையுங்கோ, அது ஈரத்தை இழுக்கிறதைவிடத் தூளைத்தான் கூடக் கொட்டும். பனையோலைப் பெட்டி வடிவு, ஆனால் மாரியில் ஓலையே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். றப்பர் வளையத்தைக் காசில் நேரே படவிடாதையுங்கோ, அதில் உள்ள கந்தகம் செம்பைக் கறுப்பாக்கும்.

போத்தல் சோதனையில் தூள் வந்த அந்தக் காசு ஊறி முடிந்து வந்தாலும் ஒரு வருசம் தனிப் பெட்டியில், தனி ஜெல்லோடு இருக்கட்டும். முதல் நாள் எடுத்த படத்தோடு மாதா மாதம் ஒப்பிடுங்கோ. அதே குழியில் திரும்ப வெளிர்பச்சை கண்டால் தண்ணி வேலையை முதலில் இருந்து தொடங்க வேணும்.